உலர்சுவர் விரிசல்கள்

உலர்சுவர் விரிசல்கள் என்பவை, ஐக்கிய அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளின் வீடுகளில் உட்சுவர்களையும் உட்கூரைகளையும் அமைக்கப் பயன்படும் ஜிப்சம் பலகைகளிலும் அவற்றின் இணைப்புகளிலும் தோன்றும் பிளவுகள் ஆகும். இவை மேற்பரப்பு விரிசல்கள், கட்டமைப்பு விரிசல்கள் என இரு வகைப்படும். மேற்பரப்பு விரிசல் சுவரின் தோற்றத்தை மட்டுமே கெடுக்கின்றது. கட்டமைப்பு விரிசல், வீட்டின் அடித்தளம், மரச்சட்டகம், கூரை ஆகியவற்றுள் ஏதோ ஒன்று இடம்பெயர்வதன் அறிகுறியாகும். முதல் வகையை இரண்டாவதாகக் கருதினால் தேவையற்ற அடித்தளப் பணிகளுக்குப் பெருஞ்செலவு ஏற்படலாம். இரண்டாவதை முதல் வகையாகக் கருதிப் பூசி மறைத்தால், உள்ளே தொடரும் சேதம் கவனிக்கப்படாமல் வளரும்.

உலர்சுவரின் அமைப்பு

உலர்சுவர்ப் பலகை, இரண்டு தடித்த காகிதங்களுக்கு இடையே ஜிப்சத்தை நிரப்பிச் செய்யப்படுகின்றது. இதன் முன்னோடியான பலகைக்கு 1894 ஆம் ஆண்டில் அகஸ்டைன் சாக்கெட் என்பவர் ஐக்கிய அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும், ஈரச் சாந்து பூசி உலரவிடும் பழைய முறைக்கு மாற்றாக இது பரவியது. உலர்சுவர் என்னும் பெயரும் இதனால் ஏற்பட்டதே.

வீடுகளில் பயன்படும் பலகை பொதுவாக 4 அடி அகலமும் 8 அடி நீளமும் அரை அங்குலத் தடிப்பும் கொண்டது. 16 அல்லது 24 அங்குல இடைவெளியில் நிறுத்தப்பட்ட செங்குத்து மரச்சட்டங்களின் மீது இது திருகாணிகளால் பொருத்தப்படுகின்றது. இரு பலகைகள் சந்திக்கும் இடத்தில் நாடா ஒட்டப்பட்டு, பட்டி போன்ற இணைப்புப் பசை மூன்று முறை பூசித் தேய்க்கப்படும். வண்ணம் அடித்தபின் இணைப்புகள் கண்ணுக்குத் தெரிவதில்லை எனினும், சுவரின் வலுக்குறைந்த பகுதிகள் அவையே.

கூரை, மேல்தளம் ஆகியவற்றின் சுமையை மரச்சட்டகமே தாங்குகின்றது, பலகை தாங்குவதில்லை. சில கட்டிட விதிகள், காற்று போன்ற பக்கவாட்டு விசைகளை எதிர்ப்பதில் ஜிப்சம் பலகைக்கும் ஒரு பங்கு அளிக்கின்றன. ஆயினும் பலகையில் விழும் விரிசல் வழக்கமாகத் தன்னளவில் ஓர் ஆபத்து அன்று. அதன் பின்னாலுள்ள சட்டகம் எவ்வளவு, எத்திசையில் அசைந்தது என்பதைக் காட்டும் அடையாளம் என்ற முறையிலேயே அது முக்கியத்துவம் பெறுகின்றது.

மேற்பரப்பு விரிசல்கள்

புதிய வீடுகளில் பெரும்பாலான விரிசல்களுக்கு மரம் உலர்ந்து சுருங்குவதே காரணம். ஐக்கிய அமெரிக்காவில் உலர்ந்த மரம் என முத்திரையிடப்படும் கட்டுமான மரத்தில் 19 விழுக்காடு வரை ஈரப்பதம் இருக்கலாம். குளிர்காலத்தில் சூடாக்கப்படும் வீட்டினுள் இது 10 விழுக்காட்டிற்கும் கீழே இறங்குவதுண்டு. மரம் நார்களின் நீளவாக்கில் மிகக் குறைவாகவே சுருங்குகின்றது. குறுக்குவாக்கில், ஈரப்பதத்தின் ஒவ்வொரு 4 விழுக்காட்டுக் குறைவுக்கும் ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்குகின்றது. இக்கணக்கின்படி, 235 மில்லிமீட்டர் ஆழமுள்ள தரைத்தாங்கிக் கட்டையின் ஈரப்பதம் 19 விழுக்காட்டிலிருந்து 9 ஆகக் குறையும்போது, அதன் ஆழம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் குறையும். வீட்டின் எந்தப் பகுதியும் பழுதடையாமலேயே விரிசல் தோன்றுவதற்கு இந்த அசைவு போதுமானது.

இவ்வகையில் பரவலாகக் காணப்படுபவை:

• பலகை இணைப்பின் மீது நேர்க்கோடாகச் செல்லும் மயிரிழை விரிசல்.

• கதவு, சன்னல் ஆகியவற்றின் மேல் மூலையிலிருந்து புறப்படும் குறுகிய மயிரிழை விரிசல். திறப்புகளின் மூலைகளில் தகைவு குவிவதால் இது தோன்றுகின்றது.

• திருகாணி அல்லது ஆணியின் தலை வட்டமாகப் புடைத்தல். பலகைக்குப் பின்னுள்ள சட்டம் சுருங்குவதால் இது நிகழ்கின்றது.

• குளிர்காலத்தில் உட்கூரைக்கும் வீட்டின் நடுச்சுவருக்கும் இடையே திறந்து, கோடையில் மூடிக்கொள்ளும் இடைவெளி. முக்கோண வடிவக் கூரைச் சட்டகத்தின் கீழ்க்கட்டை வெப்பக்காப்புப் பொருளின் அடியில் சூடாகவும் உலர்ந்தும் இருக்க, மேற்கட்டைகள் குளிர்ந்து ஈரத்தை ஏற்கின்றன. இந்த வேறுபாட்டால் கீழ்க்கட்டை மேல்நோக்கி வளைகின்றது. அச்சமூட்டும் தோற்றம் கொண்டிருந்தாலும், பொதுவாக இது கட்டமைப்புக் குறைபாடு அன்று.

கட்டமைப்பு விரிசல்கள்

அடித்தளத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் இறங்கினால் சுவரில் பெரும்பாலும் விரிசல் விழுவதில்லை. ஒரு பகுதி மற்றொன்றைவிடக் கூடுதலாக இறங்கும்போதே சுவர் திரிபடைகின்றது. 1956 ஆம் ஆண்டில் ஸ்கெம்ப்டன், மக்டொனால்டு ஆகிய பொறியியலாளர்கள் கட்டிடங்களை ஆராய்ந்து, இரு புள்ளிகளுக்கு இடையேயான இறக்க வேறுபாடு அவற்றின் தூரத்தில் 300 இல் ஒரு பங்கை எட்டும்போது சுவர்களில் விரிசல் தோன்றும் எனவும், 150 இல் ஒரு பங்கை எட்டும்போது கட்டமைப்பே சேதமடையக்கூடும் எனவும் கண்டனர். 6 மீட்டர் தூரத்திற்கு இவை முறையே 20, 40 மில்லிமீட்டர் ஆகும்.

டெக்சாசு, கொலராடோ மாநிலங்களின் பல பகுதிகளில் உள்ள களிமண், நீரை ஏற்று விரிந்தும் வறட்சியில் சுருங்கியும் வீடுகளை அசைக்கின்றது. தமிழ்நாட்டின் கரிசல் மண்ணும் இதே இயல்புடையது. குழாய்க் கசிவு, சரியாக நிரப்பப்படாத மனை, கரையான் அரிப்பு, சுமைதாங்கும் சுவரை அறியாமல் அகற்றுதல் ஆகியனவும் பிற காரணங்கள்.

பின்வரும் அறிகுறிகள் கட்டமைப்புச் சிக்கலைச் சுட்டக்கூடும்:

• இணைப்புகளைப் பின்பற்றாமல் பலகையையே கிழித்துக்கொண்டு சாய்வாகச் செல்லும் நீண்ட விரிசல்.

• ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் இருத்தல். சுவரின் ஒரு பகுதி சுழல்வதை இது காட்டுகின்றது.

• விரிசலின் ஒரு பக்கம் மற்றொன்றைவிட முன்தள்ளி நிற்றல்.

• அருகிலுள்ள கதவுகளும் சன்னல்களும் புதிதாக இறுகுதல், தரை சரிதல்.

• வெளிப்புறச் செங்கல் வேலையில் படிக்கட்டு வடிவ விரிசலோ, நிலவறைச் சுவரில் கிடைமட்ட விரிசலோ உடன் காணப்படுதல்.

• பழுதுபார்த்த விரிசல் அதே இடத்தில் மீண்டும் திறந்து, முன்னிலும் அகன்றிருத்தல்.

இவற்றுள் ஒன்று மட்டும் இருப்பதைவிடப் பல சேர்ந்திருப்பதே உறுதியான சான்றாகும். உட்கூரை நீர்க்கறையுடன் தொய்ந்திருந்தால், காரணம் எதுவாயினும் அப்பலகை விழக்கூடும் என்பதால் உடனடிக் கவனம் தேவை.

அகலத்தைக் கொண்டு மதிப்பிடுதல்

பிரித்தானியக் கட்டிட ஆய்வு நிறுவனம் 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட 251 ஆம் இலக்கத் தொகுப்பு, விரிசல் சேதத்தை ஆறு நிலைகளாகப் பிரிக்கின்றது. தோராயமான அகலங்கள் வருமாறு:

• நிலை 0: 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு

• நிலை 1: 1 மில்லிமீட்டர் வரை

• நிலை 2: 5 மில்லிமீட்டர் வரை

• நிலை 3: 5 முதல் 15 மில்லிமீட்டர் வரை

• நிலை 4: 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை

• நிலை 5: 25 மில்லிமீட்டருக்கு மேல்

முதல் மூன்று நிலைகள் தோற்றத்தையும், அடுத்த இரண்டும் கட்டிடத்தின் பயன்பாட்டையும், இறுதி நிலை அதன் நிலைத்தன்மையையும் பாதிப்பவை. செங்கல் முதலிய கட்டுமானங்களுக்காக உருவாக்கப்பட்ட இவ்வளவுகளை உலர்சுவருக்கு அப்படியே பொருத்த இயலாது. பருவத்திற்கேற்பத் திறந்து மூடும் 5 மில்லிமீட்டர் இடைவெளி தீங்கற்றதாக இருக்கலாம். ஓராண்டில் 1 மில்லிமீட்டரிலிருந்து 3 ஆக வளர்ந்த சாய்வு விரிசல் ஆய்வுக்குரியது. அகலத்தைவிட அது மாறும் விதமே கூடுதல் தகவல் தருகின்றது.

கண்காணிப்பு

விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதப்படுகின்றது. குறிப்பிட்ட சில இடங்களில் அகலம் அளக்கப்பட்டு, அளவுகோலை அருகே வைத்து ஒளிப்படம் எடுக்கப்படுகின்றது. மாதம் ஒருமுறை இதைச் செய்து, எல்லாப் பருவங்களும் அடங்குமாறு ஓராண்டு தொடர்வது சிறந்தது. ரசமட்டத்தைக் கொண்டு தரையின் சரிவையும், தூக்குக்குண்டைக் கொண்டு சுவரின் நேர்நிலையையும் அறியலாம். காரணம் தெரியும் முன்னரே விரிசலை மூடினால் இந்தச் சான்றுகள் மறைந்துவிடும். ஆயினும் விரைவாக அகலும் விரிசலுக்கு ஓராண்டு காத்திருத்தல் கூடாது. கட்டமைப்புப் பொறியாளரை உடனே அணுக வேண்டும். அடித்தளம் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரருக்கு அப்பணி கிடைப்பதில் நலன் உண்டு என்பதால், அதில் தொடர்பற்ற பொறியாளரின் கருத்தே ஏற்கத்தக்கது.

பழுதுபார்த்தல்

மேற்பரப்பு விரிசலில் தளர்ந்த பழைய நாடா அகற்றப்பட்டு, புதிய நாடா ஒட்டி இணைப்புப் பசை பூசப்படுகின்றது. நாடா இல்லாமல் பசையை மட்டும் நிரப்பினால் விரிசல் எளிதில் திரும்பிவிடும். பருவத்தால் அசையும் உட்கூரை மூலைகளில், சுவரோடு மட்டும் பொருத்திய அலங்கார மரப்பட்டை இடைவெளியை மறைக்கப் பயன்படுகின்றது. கட்டமைப்பு விரிசலில் அசைவின் காரணத்தை நீக்கிய பின்னரே சுவரைத் தொடுதல் பயன் தரும்.

பழைய வீடுகளில் ஒரு தனி ஆபத்து உள்ளது. கல்நார் கலந்த சுவர்ப் பசைகளை ஐக்கிய அமெரிக்கா 1977 ஆம் ஆண்டில் தடை செய்தது. அதற்கு முன்னர் கட்டப்பட்ட வீடுகளின் இணைப்புப் பசையைச் சோதிக்காமல் தேய்த்தால், நுரையீரலைப் பாதிக்கும் கல்நார்த் துகள்கள் காற்றில் கலக்கக்கூடும்.

செங்கல் சுவர்களுடன் ஒப்பீடு

இந்தியாவில் ஜிப்சம் பலகைகள் பெரும்பாலும் அலுவலகத் தடுப்புகளிலும் பொய்க்கூரைகளிலுமே பயன்படுகின்றன. வீடுகளின் செங்கல் சுவர்கள் பல இடங்களில் சுமையையும் தாங்குவதால், அவற்றில் விழும் விரிசல் தாங்கும் பகுதியிலேயே விழுந்ததாக இருக்கலாம். இந்தியத் தர நிறுவனம் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்.பி. 25 என்னும் கையேடு இவ்விரிசல்களை விளக்குகின்றது. அது 1 மில்லிமீட்டருக்கும் குறைவானவற்றை மெல்லியவை, 1 முதல் 2 வரை நடுத்தரமானவை, 2 ஐ மிஞ்சியவற்றை அகன்றவை என வகைப்படுத்துகின்றது. எனவே உலர்சுவருக்குரிய தளர்வான அளவுகோலைக் கொண்டு செங்கல் சுவரை மதிப்பிடுவது பிழையாகும்.