வரலாற்று வியூக விளையாட்டுகளில் தொன்ம நிலங்கள்

எல் டொராடோ, சிபோலாவின் ஏழு பொன்னகரங்கள், இளமை ஊற்று முதலிய, தேடப்பட்டும் கண்டடையப்படாத இடங்கள் கணினி வியூக விளையாட்டுகளில் உண்மையான நாடுகளுடனும் நகரங்களுடனும் சேர்ந்து இடம்பெறுகின்றன. இவை அங்கே இரண்டு வடிவங்களில் வருகின்றன. சில விளையாட்டுகளில் ஆட்களைக் காட்டுக்குள் இழுக்கும் வதந்தியாக வருகின்றன. வேறு சிலவற்றில் மலையையும் ஆற்றையும் போல வரைபடத்தில் நிலைத்த நிலமாக நிற்கின்றன. வதந்தி வடிவமே வரலாற்றுக்கு நேர்மையானது.

வரலாற்றில் இக்கதைகள் வதந்தியாகத்தான் வேலை செய்தன. சிபோலாவைத் தொலைவிலிருந்து கண்டதாக 1539இல் மார்க்கோஸ் தெ நிசா என்ற துறவி கூறினார். அதை நம்பி, ஸ்பானியத் தளபதி கொரொனாடோ 1540இல் பெரும்படையுடன் மெக்சிகோவிலிருந்து வடக்கே சென்றார். அங்கே இருந்தது சூனி மக்களின் ஹாவிக்கு என்ற ஊர், பொன் இல்லை. பசியோடு வந்த படை அந்த ஊரைத் தாக்கி, மக்கள் சேமித்த தானியத்தைக் கைப்பற்றியது. எல் டொராடோ கதைக்கு அடிப்படை, இன்றைய கொலம்பியாவில் முயிஸ்கா தலைவர் பொற்துகள் பூசிக்கொண்டு குவாட்டவிட்டா ஏரியில் நடத்தியதாகச் சொல்லப்படும் சடங்கு. அந்தக் கதை கிழக்கே நகர்ந்து நகர்ந்து, 1595இல் ஆங்கிலேயர் வால்டர் ராலேயைக் கயானா வரை கொண்டுசென்றது. அங்கே இருப்பதாகக் கருதப்பட்ட பரீமா ஏரி, நெடுங்காலம் ஐரோப்பிய வரைபடங்களில் வரையப்பட்டது. இல்லாத ஊரைத் தேடிப் போனவர்களால் உள்ள ஊர்கள் சூறையாடப்பட்டன.

விளையாட்டுகளில் இந்தத் தேடலை முன்னோடியாகக் கையாண்டது 1984இல் வெளிவந்த ‘தி செவன் சிட்டீஸ் ஆஃப் கோல்ட்’. டானி பன்டன் உருவாக்கிய அதில், ஒவ்வொரு முறையும் புதிய கண்டத்தைக் கணினியே அமைக்கும் வசதி உண்டு. அமெரிக்காவின் வடிவம் இன்றைய ஆட்டக்காரருக்கு மனப்பாடம்; மாலுமிகளின் அறியாமையை அவருக்கும் தர இதுவே வழி. 1994இன் ‘காலனைசேஷன்’ இன்னும் நுட்பமானது. தொலைந்த நகரம் பற்றிய வதந்தி உள்ள கட்டத்தில் சாரணர் காலடி வைத்தால் புதையல் கிடைக்கலாம். பூர்வகுடிகளின் இடுகாட்டைத் தீண்டி அவர்கள் பகையைத் தேடிக்கொள்ளலாம். சுவடே இல்லாமல் மறைந்தும் போகலாம். இளமை ஊற்று அகப்பட்டால், அதன் பலன் ஐரோப்பியத் துறைமுகத்தில் தெரிகிறது: குடியேறிகள் அங்கே கூட்டமாக வந்து நிற்கிறார்கள். தொன்மம் மனிதரை இடம்பெயர வைக்கும் ஆற்றல் என்பதை இந்த ஒரு விதி சொல்லிவிடுகிறது. 2015இல் ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ பெற்ற ‘எல் டொராடோ’ விரிவாக்கமும், ஏழு நகரங்களைத் தேடத் தளபதியைப் படையோடு அனுப்பும் வழியைச் சேர்த்தது.

2010இன் ‘சிவிலைசேஷன் 5’ நிலமாக்கும் பாதையில் சென்றது. அதில் எல் டொராடோ ஓர் இயற்கை அதிசயம். முதலில் காண்பவருக்கு 500 பொன் உறுதி. 2012இன் விரிவாக்கத்தில் இலங்கையின் சிவனொளிபாதமலையும் அதே பட்டியலில் சேர்ந்தது. அம்மலையின் உச்சிச் சுவட்டைச் சிவனுடையதென்றும் புத்தருடையதென்றும் ஆதாமுடையதென்றும் வழிபட, மக்கள் இன்றும் ஏறுகிறார்கள். விளையாட்டில் அம்மலை சமய நம்பிக்கைப் புள்ளி தருவது பொருத்தமே. எவருக்கும் கிடைக்காத எல் டொராடோ தவறாமல் பொன் தருவதோ, அந்தத் தேடலின் தோல்வியையே அழிக்கிறது.

வரலாற்று விளையாட்டில் பொய்க்கே இடமில்லை என்று சிலர் மறுக்கலாம். ஆனால் 1991இன் முதல் ‘சிவிலைசேஷன்’ முதலே அதிசயமாக இருந்துவரும் பாபிலோனின் தொங்கும் தோட்டத்தைப் பற்றி, இதுவரை கிடைத்த பாபிலோனியக் கல்வெட்டு எதுவும் பேசவில்லை. உண்மைக்கும் கதைக்கும் இடையே வேலி போடுவது அவ்வளவு எளிதன்று. பூர்வகுடி நிலத்தைப் புதையல் பெட்டியாகக் காட்டும் காலனியப் பார்வை இது என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அதற்குக் கதையை நீக்குவது தீர்வாகாது. நீக்கினால் கொரொனாடோவின் படை ஏன் அங்கே வந்தது என்பதே புரியாமல் போகும். படையெடுத்தவரின் ஆசையோடு ஹாவிக்குவின் இழப்பையும் விதிகளுக்குள் கணக்கிடும் விளையாட்டே இந்தத் தொன்மங்களின் வரலாற்றை முழுமையாகச் சொல்லும்.