கார்த்தேஜில் எழுந்த பாவமன்னிப்பு வழக்கு

இன்றைய தூனிஸ் நகரத்தை அடுத்துக் கடலோரத்தில் இடிபாடுகளாகக் கிடக்கும் கார்த்தேஜை அரபு நூலார் ‘கர்தாஜன்னா’ என்பர். அச்சொல்லின் ஈற்றைக் கண்டு சுவனத்தோடு முடிச்சிட வேண்டா. ‘புதிய ஊர்’ எனப் பொருள்படும் பழம் பினீசியப் பெயரின் திரிபே அது. அவ்வூரில்தான் கிறிஸ்தவ உலகை நெடுங்காலம் கலக்கிய ஒரு வழக்கு மூண்டது.

சிலை வணக்கம், விபசாரம், கொலை ஆகிய மூன்றும் அன்றைய திருச்சபையில் தலையாய பாவங்கள். ஞானஸ்நானம் பெற்றபின் இவற்றுள் ஒன்றில் வீழ்ந்தவன் அழுது வருந்தினால், நம் வழக்கில் தவ்பாச் செய்தால், அவனைச் சபை மீளவும் சேர்க்கலாமா? மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் ஒருவர், வருந்திய விபசாரிக்கு மன்னிப்புண்டு என அறிவித்தார். அவர் உரோமாபுரியின் கலிஸ்துவா, கார்த்தேஜின் அக்ரிப்பினுவா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

கார்த்தேஜின் பெரும் எழுத்தாளரான தெர்த்துல்லியன் கொதித்தெழுந்தார். கற்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஊதாரி மகனின் உவமை புறச்சமயத்தாருக்கே உரியது, வேதம் அறிந்து பிழைத்தவனுக்கன்று என்பது அவர் வாதம். கொரிந்து நகரில் தந்தையின் மனைவியோடு வாழ்ந்தவனைப் பவுல் விலக்கினார். அடுத்த கடிதத்தில் அவர் மன்னித்தது வேறொருவனையே என்றும் நிறுவ முயன்றார். விபசாரிக்குக் கதவு திறப்பீராயின் சிலை வணங்கியவனுக்கு ஏன் அடைக்கிறீர் என்று இடித்துக் கேட்டார். இரண்டையும் அடைப்பதே அவர் நோக்கம்.

அக்கேள்விக்கு விடை சொல்லும் காலம் விரைவில் வந்தது. 250 ஆம் ஆண்டு பேரரசன் தேசியுவின் ஆணைப்படி, குடிகள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறல் வேண்டும். எகிப்தின் மணலில் அத்தகைய பாப்பிரசுச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. அஞ்சிப் பலியிட்டோர் பலர். பலியிடாமலே கையூட்டளித்துச் சான்றிதழை மட்டும் வாங்கியோரும் பலர். புயல் தணிந்ததும் இவர்கள் சபையின் வாயிலில் வந்து நின்றனர்.

அப்போது ஆயராயிருந்தவர் சிப்பிரியன். தெர்த்துல்லியனின் நூல்களை நாள்தோறும் படித்தவர். “ஆசிரியரைக் கொடு” என்றே அந்நூலைக் கேட்பாராம். மாணவர் ஆசிரியரின் கேள்வியை ஏற்று, விடையைத் தலைகீழாக்கினார். விபசாரி தன் விருப்பத்தால் பாவஞ் செய்தான். சான்றிதழ் வாங்கியவனோ நெருக்குதலால் செய்தான். முன்னவனுக்கே மன்னிப்புண்டெனில் பின்னவனுக்கு எங்ஙனம் மறுப்பது? தமக்கு முன்னிருந்த ஆயர்களுள் சிலர் விபசாரிகளை ஏற்க மறுத்தும், ஏற்றவரோடு உறவை முறிக்கவில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். என் உள்ளத்தைத் தொட்டது இதுவே. தீர்ப்பில் மாறுபடலாம், மாறுபாட்டுக்காகச் சகோதரரைத் துறத்தல் வேறு.

251 இல் கூடிய கார்த்தேஜ் மன்றம், சான்றிதழ் வாங்கியோரைத் தனித்தனியே விசாரித்துச் சேர்க்கவும், பலியிட்டோரை மரணத் தறுவாயில் ஏற்கவும் முடிவு செய்தது. உரோமாபுரியின் நொவாசியனோ இதை ஏற்காமல் தூயோர் சபை எனத் தனிச்சபை கண்டார். அவர் வழிவந்தோர் திரும்பி வருவதாயின், இருமுறை மணந்தவரோடும் துன்பகாலத்தில் வீழ்ந்தவரோடும் உறவு கொள்ள எழுத்தில் இசைய வேண்டுமென 325 இல் நீசியா மன்றம் விதித்தது.

250 இல் மறைந்து வாழ்ந்ததால் கோழை என்று பழிக்கப்பட்டவர் சிப்பிரியன். 258 செப்டம்பர் 14 அன்று பலியிட மறுத்து, கார்த்தேஜில் வாளுக்குத் தலை கொடுத்தார்.