ஒரே டீ, வேறு வேறு ருசி

நேற்று நன்றாக இருந்த டீ இன்று சப்பென்று இருக்கிறது. அதே கடை, அதே மாஸ்டர், அதே தூள். ஏன் இப்படி?

உடலியல் சில காரணங்களைச் சொல்கிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வாசனைதான். சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டால் டீக்கும் வெந்நீருக்கும் அதிக வித்தியாசம் தெரியாது. உணவின் ருசிப் பொருள்கள் எச்சிலில் கரைந்தால்தான் நாக்குக்கு எட்டும். வாய் உலர்ந்த நாளில் ருசி மங்கும். ஜிலேபி தின்ற வாய்க்குச் சர்க்கரை போட்ட டீயும் இனிக்காது. சூடு ஆறினாலும் ருசி மாறும்.

இவையெல்லாம் சரி. ஆனால் எங்கள் மக்களிடம் இதே கேள்வியைக் கேட்டால், இன்னொரு பதிலும் வரும். எதில் ஊற்றிக் கொடுத்தார்கள், எங்கே உட்காரவைத்தார்கள் என்பதைப் பொறுத்தும் ருசி மாறும் என்பார்கள். இந்தப் பதிலுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

1901. சதாராவிலிருந்து அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய சிறுவன் பீமராவுக்கு அப்போது சுமார் ஒன்பது வயது. உடன் அண்ணனும் அக்கா மகனும். மஹர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் வரமறுத்தார்கள். இரட்டை வாடகை கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். கூடையில் சாப்பாடு இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. வழியில் கிடைத்தது சாணமும் மூத்திரமும் கலந்த குட்டை நீர். அதன் நாற்றத்தில் வாயில் வைக்க முடியவில்லை. சுங்கச்சாவடியில் கேட்டும் கிடைக்கவில்லை. கையில் சோறு இருந்தும் தண்ணீர் இல்லாததால் அன்றிரவு பட்டினியாகவே படுத்தார்கள். பின்னாளில் அம்பேத்கர் இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார்.

26 ஆண்டுகள் கழித்து அவர் மகாடுக்குப் போனார். அந்த ஊர்க் குளத்தின் பெயர் சவுதார். மராத்தியில் சுவையானது என்று பொருள். அந்தச் சுவையான தண்ணீரில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம்; மாடு குடிக்கலாம். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் மட்டும் தொடக் கூடாது. பொதுக் கிணறு, குளங்களை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று 1923-இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1924-இல் மகாடு நகராட்சியும் தன் குளத்தைத் திறப்பதாக அறிவித்தது. அறிவிப்பு காகிதத்தில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானோருடன் ஊர்வலமாகப் போன அம்பேத்கர், குளத்தில் இறங்கி நீரை அள்ளிக் குடித்தார்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். திரும்பிக்கொண்டிருந்த மக்களை அடித்தார்கள். பிறகு, தீட்டுப்பட்ட குளத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று சாணம், கோமியம், பால், தயிர் எல்லாவற்றையும் 108 குடங்களில் கலந்து அந்தத் தண்ணீரில் கொட்டினார்கள். மனிதன் தொட்ட தண்ணீர் அவர்களுக்குக் கசந்தது. சாணம் கலந்த தண்ணீர் மறுபடியும் இனித்தது. நாக்கை வைத்து மட்டும் இதை விளக்க முடியுமா? சாதிதான் அங்கே ருசி பார்த்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் மீண்டும் மகாடில் கூடியபோது அம்பேத்கர் தெளிவாகச் சொன்னார்: இந்தத் தண்ணீரைக் குடித்தால் நமக்குச் சாகாவரம் கிடைத்துவிடாது, இதைக் குடிக்காமலும் நாம் வாழ்ந்திருக்கிறோம், மற்றவர்களைப் போல நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே வந்திருக்கிறோம். குளத்தில் உரிமை உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 1937 ஆனது.

மகாடில் குளம் என்றால் நம் ஊர்களில் டீக்கடை. இதே கேள்வி இங்கே கண்ணாடிக் கிளாஸில் வந்து நின்றது. மேல்சாதிக்குக் கிளாஸ், நமக்குச் சிரட்டை. பிறகு அலுமினிய டம்ளர். அவர்களுக்குப் பெஞ்சு, நமக்குத் தரை. குடித்த டம்ளரை நாமே கழுவிக் கூரையில் செருகிவிட்டுப் போக வேண்டும். இத்தனைக்கும் அந்தத் தேயிலையை விளைவித்தது யார்? ஆனைமலையிலும் நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய நாவல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்திருக்கிறது. அதைப் படித்தவர்களுக்கு அந்தத் தூளின் விலை தெரியும்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. உணவகத்தில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைத் தனிக் குற்றமாகவே 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் குறிப்பிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் 2015 திருத்தத்தின் மூலம் இது சேர்க்கப்பட்டது. ஒரு டம்ளருக்காக நாடாளுமன்றம் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த டம்ளர் எவ்வளவு கனமானது என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது பல கடைகளில் இரட்டைக் குவளை கண்ணுக்குத் தெரிவதில்லை. பேப்பர் கப் வந்துவிட்டது. எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் பிரச்சினை இல்லை. ஊர்க்காரருக்குக் கிளாஸ், காலனிக்காரருக்குப் பேப்பர் கப் என்றால் அது பழைய சிரட்டைதான். குடித்ததும் தூக்கி எறிந்துவிடலாம், சாட்சி மிஞ்சாது, அவ்வளவே வித்தியாசம்.

களப்பணிக்குப் போகும் இடங்களில் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள்: "டவுன்ல குடிச்சாத்தாம்பா டீ டீயா இருக்கு." டவுன் டீயில் பால் அதிகம் என்பதால் அல்ல. அங்கே யாரும் அவர்களிடம் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. திங்கட்கிழமை டவுனில் இனித்த டீ செவ்வாய்க்கிழமை ஊர்க்கடையில் கசப்பது இப்படித்தான்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை ஓர் ஊருக்குப் போனால் டீ எப்படி இருந்தது என்று மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். யாருக்கு எதில் கொடுத்தார்கள் என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தேதி, நேரம், பார்த்த சாட்சிகளோடு எழுதி எடுத்துக்கொண்டு அந்த மக்களுடன் சேர்ந்து காவல் நிலையத்துக்குப் போங்கள். நாக்கில் பிரச்சினை என்றால் நாளைக்குத் தானாகச் சரியாகிவிடும். இது தானாகச் சரியாகாது.