ஆறு பேர், ஒரு கடிதம்

1927 டிசம்பரில் பெர்லின் நாளிதழ் ஒன்றில் ஒரு சிறு விளம்பரம் வந்தது: பாடகர்கள் தேவை. கொடுத்தவர் ஹாரி ஃப்ரோமர்மன் என்ற 21 வயது யூத இளைஞர். கையில் காசில்லை. அமெரிக்காவின் 'ரெவலர்ஸ்' குழுவின் இசைத்தட்டுகளைக் கேட்டு, அதுபோல ஜெர்மனியிலும் ஒரு குழு வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது.

அப்படி உருவானதுதான் 'காமெடியன் ஹார்மனிஸ்ட்ஸ்'. பாடகர்கள் ஐந்து பேர், பியானோ வாசிக்க ஒருவர். ஐந்து குரல்களும் ஒன்றோடொன்று பின்னி ஒரே குரல்போல் ஒலிக்கும். வாத்தியங்களின் ஓசையையும் வாயாலேயே எழுப்புவார்கள். 1928இல் பெரிய மேடை கிடைத்தது. 1932இல் பெர்லின் பில்ஹார்மனி அரங்கிலேயே பாடினார்கள்.

அடுத்த ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மேடையேற வேண்டுமானால் அரசின் இசைச் சபையில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 1934 மார்ச்சுக்குப் பிறகு இவர்களுக்கு ஜெர்மனியில் மேடை இல்லை. 1935 பிப்ரவரியில் சபையிலிருந்து கடிதம் வந்தது. ஃப்ரோமர்மன், ரோமன் சிகோவ்ஸ்கி, எரிக் கொலின் மூவருக்கும் இடமில்லை. இவர்களில் கொலின் திருமுழுக்குப் பெற்ற புராட்டஸ்டண்ட் கிறித்தவர். ஆனாலும் அரசு பார்த்தது அவருடைய பிறப்பைத்தான். மதம் மாறிய பின்னும் சாதி துரத்துவதைக் கண்ட நமக்கு இது புதிதல்ல.

நாம் கவனிக்க வேண்டியது கடிதத்தின் மறுபாதி. பிபெர்ட்டி, பூட்ஸ், லெஷ்னிகோஃப் மூவருக்கும் அனுமதி உண்டு, ஆனால் யூதர்களோடு சேர்ந்து பாடக் கூடாது. மூவரும் அனுமதியை ஏற்றார்கள். புதிய ஆட்களைச் சேர்த்து 'மைஸ்டர்செக்ஸ்டெட்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். விலக்கப்பட்ட மூவரும் வியன்னா சென்று இன்னொரு குழு அமைத்தார்கள். 1941 வாக்கில் இரண்டு குழுக்களுமே கலைந்தன. அந்த ஆறு பேரும் பிறகு ஒரே மேடையில் பாடவேயில்லை.

சிகோவ்ஸ்கி அமெரிக்காவில் யூத வழிபாட்டுப் பாடகராக வாழ்ந்து 1998இல் மறைந்தார்.

இசைச் சபை இந்தக் குழுவை மொத்தமாகத் தடை செய்யவில்லை. பாதிப் பேரை விலக்கிவிட்டு, மீதிப் பேருக்கு வேலையைக் கொடுத்தது. விலக்கு நடைமுறையாவது அப்படித்தான். விலக்கப்பட்டவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறோம். அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்தே கேட்போம், தோழர்களே.