முகம் காட்டாமல் பார்ப்பவர்கள் - ஒரு சின்ன வரலாறு

நம் அண்ணன், அக்காக்கள் காலத்தில் ஆர்குட் என்று ஒன்று இருந்தது. 2014 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். நம் பக்கத்தை யார் யார் எட்டிப் பார்த்தார்கள் என்று அது பட்டியல் காட்டும். இன்று இன்ஸ்டாகிராம் ஸ்டோரியைப் பார்த்தாலும் போட்டவருக்கு நம் பெயர் தெரிந்துவிடுகிறது. வம்பு பார்ப்பவர்களுக்கு இது சங்கடம், அவ்வளவுதான். ஆனால் ஒரு பொய்யைத் துப்பறிகிறவருக்கு? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஒற்றன் முதல் ரேடியோ வரை

ராஜா மாறுவேடத்தில் நகர்சோதனை போன கதைகளை எல்லோரும் கேட்டிருப்போம். வள்ளுவர் ஒற்றாடல் என்று ஒரு அதிகாரமே (59வது) வைத்திருக்கிறார். அதில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒற்றனைப் பார்த்தால் சந்தேகமே வரக்கூடாது. அவன் கொண்டுவரும் சேதியையும் அப்படியே நம்பக்கூடாது. ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால்தான் நம்பலாம். எங்கள் பி.காம். ஆடிட்டிங் பாடமும் இதுதானே! பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, பில் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

ஆனால் ஒற்றன் தேடியது ரகசியத்தை. ரகசியமே இல்லாத இடத்தில் உண்மையைத் தேடும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது இரண்டாம் உலகப்போர். 1939ல் பிபிசி வெளிநாட்டு ஒலிபரப்புகளைக் கேட்டுக் குறிப்பெடுக்கத் தனிப் பிரிவு வைத்தது. 1941ல் அமெரிக்காவும் அதையே செய்தது. ரேடியோவில் ஒரு சௌகரியம் பாருங்கள்: கேட்பவர் யார் என்று பேசுபவருக்குத் தெரியவே தெரியாது. இணையம் வந்தபின்தான் இது தலைகீழானது. நாம் பார்ப்பதை அதுவும் பார்க்கிறது!

298 உயிர்கள்

2014 ஜூலை 17. கிழக்கு உக்ரைன் வானத்தில் மலேசிய விமானம் எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேரும் இறந்தார்கள். எலியட் ஹிக்கின்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் அந்த மாதம்தான் பெல்லிங்கேட் குழுவைத் தொடங்கியிருந்தார். சாதாரண மக்கள் இணையத்தில் போட்டிருந்த ஏவுகணை வண்டியின் படங்களை அவர்கள் சேர்த்தார்கள். பின்னால் தெரிந்த கட்டடங்களையும் சாலைகளையும் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டார்கள். ரஷ்ய சிப்பாய்கள் தாங்களே போட்ட படங்களையும் பார்த்தார்கள். ஒத்னோகிளாஸ்னிகி என்ற ரஷ்யத் தளம், ஆர்குட் போலவே வந்தவர் பெயரைக் காட்டிவிடும். அந்நியர் ஒருவர் பார்த்துவிட்டுப் போனது தெரிந்தால் படத்தை விட்டுவைப்பார்களா?

ஏவுகணை ரஷ்யாவின் 53வது படைப்பிரிவைச் சேர்ந்தது என்று 2018 மே மாதம் நெதர்லாந்து தலைமையிலான கூட்டு விசாரணைக் குழுவும் சொன்னது. ரஷ்யா மறுத்தது. 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூன்று பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

நம் மாநிலத்தில் 2023

தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று 2023 மார்ச்சில் வீடியோக்கள் பரவின. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு மறுத்தார். ஒரு வீடியோ திருப்பூரில் பீகார் தொழிலாளிகளுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களின் சண்டை என்றார். பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. அதற்குள் பயந்துபோன பலர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அது ஹோலி சமயம் வேறு. பண்டிகைக் கூட்டம் எது, பயந்து ஓடும் கூட்டம் எது என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உண்மை சரிபார்க்கும் பத்திரிகையாளர்கள் வீடியோவை நிறுத்தி, காட்சிகளைத் தனிப்படமாக எடுத்து, அதே படம் முன்பு எங்கே வந்தது என்று தேடினார்கள். வேறு மாநிலங்களில் நடந்த கொலைக் காட்சிகளும் தமிழ்நாட்டுப் பெயரில் சுற்றியது தெரிந்தது. இந்த மாதிரி வேலையில் முகம் காட்டாமல் பார்ப்பது ஏன் முக்கியம்? உஷாரானால் போட்டவர் அழித்துவிடுவார், சாட்சியும் போய்விடும். தேடுகிறவருக்கு மிரட்டலும் வரலாம்.

கோடு எங்கே?

இந்தக் கதவு நல்லவர்களுக்கு மட்டும் திறந்திருக்கவில்லை. ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவனும் இதே வழியில்தான் வருவான். ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் 2020ல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறை இதற்கு வழி சொல்கிறது. பொதுவில் இருப்பதைப் பெயர் சொல்லாமல் பார்ப்பது வேறு. பொய்ப் பெயரில் நட்பாகி, பூட்டிய கணக்குக்குள் நுழைவது வேறு. 2023ல் இயற்றப்பட்ட நம் தனிநபர் தரவுச் சட்டமும், ஒருவர் தானே பொதுவில் வைத்த தகவலைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. பொதுவில் இருக்கிறது என்பதற்காக, சம்பந்தமில்லாதவர் முகத்தை ஊரெல்லாம் பரப்புவது நியாயமாகிவிடாது.

இன்னொன்று: "அடையாளம் தெரியாமல் பார்க்கலாம் வாங்க" என்று கூப்பிட்டு, உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும் தளம் எதையும் நம்பாதீர்கள்.

திருத்தணி மாதிரி எல்லை ஊருக்கு இதெல்லாம் ரொம்பவே தேவை. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த நம் ஊர், ம.பொ.சி. முதலானோரின் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை எங்கே என்பதற்கு படாஸ்கர் எடுத்துக்கொண்ட அளவுகோலில் முக்கியமானது ஒவ்வொரு கிராமத்தின் மொழிக் கணக்கு. தமிழும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் உட்காரும் ஊர் இது. "அவங்க நம்மாளை அடிச்சுட்டாங்க" என்று நாளைக்கு ஒரு வீடியோ வந்தால், ஃபார்வர்ட் செய்வதற்கு முன் மூன்று சாட்சி தேடுங்கள் நண்பர்களே.