மூழ்கிய கப்பல்களின் உலோகமும் நினைவுச் சிற்பங்களும்

மூழ்கிய அல்லது உடைக்கப்பட்ட கப்பல்களின் உலோகத்தை உருக்கியோ, வெட்டி இணைத்தோ சிற்பங்களும் நினைவுச் சின்னங்களும் செய்யும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. எல்லா உலோகமும் இதற்கு ஏற்றதல்ல. நெடுங்காலம் கடலில் கிடந்த வார்ப்பிரும்பு, வெளியே எடுத்து உலர்ந்ததும் வெடித்து உதிரத் தொடங்கும். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலமோ நூற்றாண்டுகள் தாங்கும். மீண்டும் உருக்கி வார்க்கவும் முடியும்.

ராயல் ஜார்ஜ்

1782 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் கடற்பகுதியில் ராயல் ஜார்ஜ் என்ற போர்க்கப்பல் கவிழ்ந்தது. 800க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1830களில் மூழ்காளர்கள் அதன் பீரங்கிகளை மீட்டனர். அவ்வாறு மீட்ட வெண்கலத்தை உருக்கியே, லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் உள்ள நெல்சன் தூணின் உச்சியில் இருக்கும் இலை வடிவ வேலைப்பாடுகள் வார்க்கப்பட்டன.

எம்டன்

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான சான்று, ஜெர்மானியக் கப்பலான எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னையைத் தாக்கி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைத் தீக்கிரையாக்கியது. அன்று பரவிய அச்சத்தால், பலே கைகாரரை 'எம்டன்' என்று குறிப்பிடும் வழக்கு தமிழில் உண்டாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பலிடம் தோற்ற எம்டன், பவளப்பாறையில் தரைதட்டியது. அதிலிருந்து மீட்கப்பட்ட மெக்சிகோ வெள்ளி நாணயங்களில் 1,000 நாணயங்கள் 1918இல் நினைவுப் பதக்கங்களாக மாற்றப்பட்டன. அவற்றில் பல, சிட்னி கப்பலின் மாலுமிகளுக்கு வழங்கப்பட்டன.

விக்ராந்த்

இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் மூழ்கவில்லை. 1961இல் கடற்படையில் சேர்ந்து, 1971 போரில் பங்கேற்று, 1997இல் ஓய்வு பெற்றது. பின்னர் மும்பையில் அருங்காட்சியகமாக இருந்தது. அதைக் காக்க வேண்டும் என்ற வழக்குகள் பலனளிக்கவில்லை. 2014இல் உடைக்கும் பணி தொடங்கியது. அதன் உலோகத்தைக் கொண்டு சிற்பி அர்சான் கம்பாட்டா அமைத்த நினைவுச் சின்னம், 2016 ஜனவரி 25 அன்று மும்பையில் திறக்கப்பட்டது. அதே உலோகத்தின் ஒரு பகுதி மோட்டார் சைக்கிள் தயாரிப்புக்கும் சென்றது.

கடலடிக் கல்லறைகள்

1971இல் விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் காசி நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினம் அருகே மூழ்கியது. அதிலிருந்த 90க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் சிதைவு இன்றும் கடலடியிலேயே கிடக்கிறது. இத்தகைய சிதைவுகள் இறந்தோரின் கல்லறைகளாகவே மதிக்கப்படுகின்றன. ஆனால் எல்லாக் கப்பல்களுக்கும் அந்த மதிப்புக் கிடைப்பதில்லை. 1942இல் ஜாவா கடலில் மூழ்கிய டி ராய்ட்டர், ஜாவா ஆகிய டச்சுப் போர்க்கப்பல்கள் இருந்த இடத்தில், 2016இல் ஆராய்ந்தவர்கள் வெறும் பள்ளங்களையே கண்டனர். பழைய உலோகத்துக்காக அவை திருடப்பட்டதாகக் கருதப்படுகிறது.

உருக்கிய உலோகம் எந்தக் கப்பலுடையது என்பதைப் பார்வையால் அறிய முடியாது. எங்கே, யாரிடமிருந்து, எந்த உரிமையோடு எடுக்கப்பட்டது என்ற பதிவு இருந்தால் மட்டுமே அது நினைவுச் சின்னமாகும். அந்தப் பதிவு இல்லாதபோது, அது எடைக்கு விற்கும் பழைய இரும்பு மட்டுமே.