மரக்காலும் நிறைகோலும்

வாலி வழிபட்ட தலம் என்று ஊரார் போற்றும் வாலிகண்டபுரம் வாலீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. இத்தகைய கல்வெட்டுகளுக்கு உரை வரையும் நம்மவர், கலம், குறுணி, நாழி என வரும் இடங்களிலெல்லாம் அடைப்புக்குறிக்குள் 'இத்தனை கிலோ' என்று குறித்துவிடுகின்றனர். படிப்பவர்க்கு எளிமை கருதிச் செய்வதுதான். ஆயினும் அந்தக் கிலோ பெரும்பாலும் பிழையாகவே அமைகிறது.

முகத்தலையும் நிறுத்தலையும் முன்னோர் கலந்ததில்லை. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரு குறுணி ஒரு கலம். மடைப்பள்ளிக்குரிய அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு ஆகியவை இவ்வரிசையில் அடங்கும். சர்க்கரைக்குப் பலம், பொன்னுக்குக் கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியும். தஞ்சைப் பெரிய கோயிலில் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அதற்கு ஈடாக நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு.

அளவைக்குப் பெயரும் சூட்டினர். தஞ்சையில் நெல் அளந்த மரக்காலின் பெயர் 'ஆடவல்லான்'. அது இராசகேசரி மரக்காலோடு ஒத்தது என்று கல்வெட்டே உரைக்கிறது. ஊருக்கு ஊர் மரக்கால் மாறியதனால்தான் இவ்வாறு சொல்ல நேர்ந்தது. நிலமளந்த கோலின் நீளத்தைக் கோயிற்சுவரில் வெட்டி வைக்கலாம். மரக்காலின் கொள்ளளவை எந்தச் சுவரில் வெட்டுவது?

கிலோவால் விளையும் பிழைக்கு ஒரு சான்று காட்டலாம். ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்னும் கணக்கு சோழர் கல்வெட்டுகளில் வருகிறது. இதனை எடையாகக் கொண்டால் நூறு கிலோ நெல்லுக்கு நாற்பது கிலோ அரிசிதான். இன்றைய ஆலையில் அறுபத்தைந்து கிலோவரை கிடைக்கிறதே, எஞ்சியது எங்கே போயிற்று, கோயில் பண்டாரத்தில் களவா என்றுகூட ஐயம் எழும். உண்மையில் அது முகத்தல் கணக்கு. உமியோடு கூடிய நெல் இடத்தை அடைத்துக்கொள்ளும். அரிசி நெருங்கி அமரும். ஒரு லிட்டர் நெல் ஏறத்தாழ 580 கிராம். அரிசியோ 800 கிராம். எனவே ஐந்து லிட்டர் நெல் 2.9 கிலோ, இரண்டு லிட்டர் அரிசி 1.6 கிலோ. எடையில் பார்த்தால் நூற்றுக்கு ஐம்பத்தைந்து. உலக்கையால் குற்றிப் புடைத்தெடுத்த அரிசிக்கு இது குறைவன்று. களவுப் பழி வெறும் அளவைக் குழப்பத்தில் பிறந்தது.

ஆதலின் கலத்தைக் கலம் என்றே எழுதுவது நன்று. எடை கூறியே ஆகவேண்டுமெனில் எந்தப் பொருள், எந்த மரக்கால், தலைதட்டி அளந்ததா குவித்து அளந்ததா என்பவற்றையும் உடன் குறிக்க வேண்டும். ('ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று எண்ணத் தொடங்கிய நெல் வணிகரின் கை, குவியலை எப்படி வைத்திருக்கும் என்பது தனி ஆராய்ச்சி.)

ஆங்கிலேயர் காலத்திலும் படி ஒருபுறம், பலமும் சேரும் வீசையும் மணங்கும் மறுபுறமாக இரண்டும் இணையாகவே நடந்தன. 1956இல் எடை அளவைச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் புழக்கத்திற்கு வரத் தொடங்கின; 1962க்குள் அவை கட்டாயமாயின. நாவில் மட்டும் படி நீங்கவில்லை. 1967 தேர்தலில் அறிஞர் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றுதான் பேசினார். கிலோக் கணக்கில் பேசவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. இன்றைய இளைஞருக்கு அந்தப் படிக்கும் குறிப்பு எழுத வேண்டியுள்ளது; சென்னைப் படியா உள்ளூர்ப் படியா என்பதிலிருந்தே அதைத் தொடங்க வேண்டும்.